வைக்கோல் எரியவில்லை

மலையடிவாரத்துக் காரவள்ளியில் என் தையல் கடைக்கும் பாயின் பழைய இரும்புக் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் அவர் ஒரு கம்பியைப் போட்டால் இந்தப் பக்கம் என் கத்தரிக்கோல் குதிக்கும். அத்தனை பக்கத்தில் அத்தனை வருஷம் இருந்தும், அந்த மனிதர் என்னை முழுதாக நம்பினார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

சட்டை தைத்துக் கொடுத்தால் போட்டுப் பார்க்கமாட்டார். முதலில் உள்பக்கத்தைத் திருப்பி, தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பார். பிரியவில்லை என்றால், "நல்லாத்தான் இருக்குது" என்பார். அந்த 'தான்' எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. டீ வந்தால் கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி அடியைப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார். மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் பலகையைப் படிப்பார், டிரைவரைக் கேட்பார், கண்டக்டரைக் கேட்பார், கடைசியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஆளையும் கேட்பார். இங்கிருந்து மேலே போக இருப்பதே ஒரு ரோடு. அது வேறு எங்கே போய்விடப் போகிறது?

பாங்கு சத்தம் கேட்ட பிறகும் ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். நான் சிரித்தால், "பள்ளிவாசல் மேல சந்தேகமில்ல தங்கச்சி. என் காது மேலதான்" என்பார்.

இதெல்லாம் வியாபாரம் கற்றுக்கொடுத்த குணம் என்பது அவருடைய கட்சி. அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. பழைய இரும்பு கொண்டுவருகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பைப்புக்குள் மண்ணை அடைத்து இரண்டு முனையையும் நசுக்கி எடுத்து வருவார்கள். எண்ணெய் டின்னுக்குள் ஜல்லியைப் போட்டு மிதித்துத் தட்டையாக்கி வருவார்கள். பாய் தராசுக்குப் பக்கத்தில் ஒரு சுத்தியலும் காந்தமும் வைத்திருப்பார். வருகிற எதையும் ஒரு தட்டு தட்டி, தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்பார். அவர் முகம் மாறினால் கொண்டுவந்த ஆளே, "அதை மட்டும் எடுத்துக்கறேனுங்க பாய்" என்று மெதுவாகச் சுருட்டிக்கொள்வான்.

அவருடைய பெயர் மலை மேலேயும் பரவியது அந்த இரிடியம்காரர்கள் வந்த பிறகுதான். வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் ஒரு கலசத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். வானத்திலிருந்து விழுந்த இரிடியம் என்ற உலோகம் கலந்தது, பக்கத்தில் அரிசியைக் காட்டினால் இழுக்கும், வெளிநாட்டில் இதற்குப் பெரிய கிராக்கி என்று கதை. வழியில் இங்கே இறங்கி, டீக்கடை முன்னால் ஒரு தட்டில் அரிசியைக் கொட்டிக் கலசத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனார்கள். அரிசி நிஜமாகவே ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. கூட்டம் வாயைப் பிளந்தது. நானும்தான் பிளந்தேன், பொய் சொல்வானேன்.

பாய் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "தங்கச்சி, உங்க ஊட்டு அரிசி ஒரு கை கொண்டாங்க" என்றார். கொண்டுவந்தேன். எங்கள் வீட்டு அரிசி கலசத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுடைய அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தண்ணீரில் அலசினார். கிளாஸின் அடியில் கறுப்பாக இரும்புத் தூள் தங்கியது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் அடுத்த பஸ்ஸில் வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில், 'பாய் பார்த்துட்டாரா?' என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மிளகு தரகனைப் பற்றி ஒரு பேச்சு வந்தாலும் சரி, மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஒரு பேச்சு வந்தாலும் சரி, அவர் ஒரு வார்த்தை 'சரியில்ல' என்றால் முடிந்தது. 'சரி' என்று சொல்லி நான் கேட்டதில்லை. யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு மனிதனின் 'இல்லை'க்கு இத்தனை மதிப்பு இருப்பது நல்லதுதானா என்று அப்போதே எனக்குள் ஒரு அரிப்பு இருந்தது.

அந்த அரிப்பு காயமானது செல்லாயி விஷயத்தில்.

செல்லாயி மலை மேலே அரியூர் நாட்டுக்காரி. பள்ளத்தில் கொஞ்சம் நெல், மேட்டில் மரவள்ளி. புருஷன் இல்லை. ஒரே மகன் குமார், ரோட்டு வேலை எடுத்திருந்த கான்டிராக்டரிடம் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் பொழுது சாயும் நேரம், மலை முழுக்க மூடுபனி. மேகத்துக்குள் ஒரு வெளிச்சம் ஓடியது, பின்னாலேயே வெடிச் சத்தம், கொஞ்ச நேரம் கழித்து விர்ரென்று ஏதோ வந்து அவள் களத்து வைக்கோல் போரில் இறங்கியது. ஊரில் மற்றவர்களுக்கும் சத்தம் கேட்டது. பாறைக்கு வெடி வைக்கிறார்கள் என்று இருந்துவிட்டார்கள். செல்லாயி ஓடிப்போய்ப் போரின் ஒரு பக்கத்தை மட்டும் பிடுங்கிப் பார்த்தாள். அடியில், மண்ணில் பாதி புதைந்து, சின்னப் பூசணிக்காய் அளவுக்கு ஒரு இரும்பு. மேலெல்லாம் கருநீலம். பிசைந்த மாவில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி எடுத்தது போலப் பள்ளம் பள்ளமாக இருந்தது.

அவள் அதை வீட்டு வாசலில் வைத்து மஞ்சள் பூசினாள். நாலு பேர் பார்க்க வந்தார்கள். ஐந்தாவதாக வந்தவர் கான்டிராக்டரின் சூப்பர்வைசர். அவர்கள் ஷெட்டில் அந்த மாதம் கொஞ்சம் இரும்புச் சாமான் காணாமல் போயிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். உருகி உறைந்த இரும்பு. திருடியதை அடையாளம் தெரியாமல் உருக்கி வைத்துவிட்டு, வானத்திலிருந்து விழுந்தது என்று கதை கட்டுகிறான் குமார் என்று கீழே வந்து புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

எஸ்.ஐ. குமாரையும் இரும்பையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நேரே பாய் கடைக்குத்தான் வந்தார். செல்லாயி பின்னாலேயே பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். நான் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றேன்.

"பாய், இது என்னான்னு பாத்துச் சொல்லுங்க. வானத்துல இருந்து விழுந்துச்சாமாம்" என்றார் எஸ்.ஐ., சிரித்துக்கொண்டே.

பாய் காந்தத்தை வைத்தார். படக்கென்று ஒட்டியது. சுத்தியலால் தட்டிக் கேட்டார். விரலால் பள்ளங்களைத் தடவினார். பிறகு செல்லாயியிடம் திரும்பினார்.

"ஏனுங்கம்மா, நெருப்பா எரிஞ்சுக்கிட்டு வந்துச்சா?"

"மேகத்துக்குள்ள வெளிச்சம் பாத்தேனுங்க சாமி."

"வைக்கோல் போர்லதான விழுந்துச்சு?"

"ஆமாங்க."

"வைக்கோல் பத்திக்கிச்சா?"

"இல்லீங்க."

"கருகவாவது செஞ்சுச்சா?"

"இல்லீங்க. நான் உடனே ஓடிப்போய்த் தொட்டுப் பாத்தேனுங்க. சில்லுன்னு இருந்துச்சுங்க."

சுற்றி நின்றவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். பாய் சிரிக்கவில்லை. அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு எஸ்.ஐ.யிடம் சொன்னார்: "மேல பூரா உருகியிருக்குது சார். இரும்பு உருகுற சூடு வைக்கோல்ல விழுந்தா போர் சாம்பலாகியிருக்கணும். இவங்க சில்லுன்னு இருந்துச்சுங்கறாங்க. வேற எங்கயோ உருக்குனது. ஆறுனதுக்கப்புறம் கொண்டாந்து வெச்சிருக்குது."

அவ்வளவுதான். குமாரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். செல்லாயி யாரையும் திட்டவில்லை. பாய் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஜீப் போன திசையில் நடந்தாள்.

எனக்குப் பாய் மேல் அன்றைக்கு ஒரு கெட்ட சந்தேகம் வந்தது. பழைய இரும்பு வியாபாரம் செய்கிறவன் ஸ்டேஷனைப் பகைத்துக்கொண்டு ஒருநாள்கூடக் கடை திறக்க முடியாது. திருட்டுச் சாமான் வாங்கினான் என்று ஒரு கேஸ் போதும். எஸ்.ஐ. எதைக் கேட்க வந்தாரோ அதைப் பாய் சொல்லிவிட்டாரோ? தகரத்தில் காதை வைக்காத குறையாக அன்று முழுவதும் அந்தப் பக்கத்தைக் கவனித்தேன். தராசுத் தட்டு சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் செல்லாயி ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து, மலை பஸ்ஸுக்காக என் கடைக்குள் உட்கார்ந்தாள். மகனைப் பார்க்க விட்டார்களாம். கன்னம் வீங்கியிருந்ததாம். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் ஜெயிலில் போட்டுவிடுவோம் என்று சொன்னார்களாம். தண்ணீர் கொடுத்தேன். அவளைப் பார்க்கச் சகிக்காமல் நானே ஒரு யோசனை சொன்னேன்.

"ஏனுங்கக்கா, சுட்டுச்சுன்னு சொல்லியிருக்கலாமில்ல? நாலு வைக்கோலப் பத்தவெச்சுக் காட்டியிருந்தா இந்தப் பாடு இல்லையே?"

செல்லாயி என்னை விநோதமாகப் பார்த்தாள். "சுடலியே கண்ணு" என்றாள். "சில்லுன்னு இருந்தத சுட்டுச்சுன்னு எப்படிச் சொல்லட்டும்?"

தகரத்துக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றுபோனது.

பஸ் வந்து அவள் ஏறிப் போனதும் பாய் என் கடை வாசலில் வந்து நின்றார். அவர் முகம், பைப்புக்குள் மண் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும்போது இருக்குமே, அப்படி இருந்தது.

"தங்கச்சி, என் கடைக்கு வந்து பொய் சொன்னவங்கள எல்லாம் நெனச்சுப் பாத்தேன். எல்லாவனும் பொருத்தமாத்தான் சொல்லியிருக்கான். கேக்கறவன் என்ன எதிர்பாப்பானோ அதத்தான் சொல்லுவான். வானத்துல இருந்து விழுந்துச்சுன்னு பொய் சொல்றவ, சுட்டுச்சுன்னுதான் சொல்லுவா. சில்லுன்னு இருந்துச்சுன்னு எவளாவது சொல்லுவாளா?"

"அத நேத்தே யோசிச்சிருக்கணும்" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன்.

அவருக்கு இப்போது தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இரும்பு வெட்டும் கேஸ் கட்டரைப் பற்றவைத்தார். லாரி ஆக்சில் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் கையால் பிடித்துக்கொண்டு மறு முனையில் நெருப்பைக் காட்டினார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாலும் எனக்குக் கூசியது. முனை வெள்ளையாகி, தண்ணீராகி, வந்த காற்றோடு பொறிப்பொறியாகச் சிதறி ஓடியது. அவர் கை இந்த முனையில் உறைகூட இல்லாமல் வெறுமனே இருந்தது. நெருப்பை அணைத்துவிட்டு, தான் பிடித்திருந்த முனையை என்னைத் தொடச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அவரே அதைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"தெனமும் செய்யற வேல தங்கச்சி இது" என்றார். "கனமான இரும்புல சூடு உள்ள போறதுக்கு நேரம் வேணும். மேல உருகறத உருக உருகக் காத்து வழிச்சு எடுத்துக்கிட்டுப் போயிருது. சூட்டையும் சேத்துக் கொண்டுபோயிருது. வானத்துல இருந்து அந்த வேகத்துல வந்தா காத்தே நெருப்பு, காத்தே ஊதாங்குழல். கொஞ்ச நேரந்தான் அந்தக் கூத்து. அதுக்குள்ள எப்படி நடுவுல வேகும்? எனக்குத் தெரிஞ்சதுதானே இது. வைக்கோலயே நெனச்ச புத்திக்கு இது தெரியலியே."

அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. சுபாவம் விடுமா? அடுத்த பஸ்ஸில் யாரையும் எதுவும் கேட்காமல் ஏறி, மலைக்குப் போய், செல்லாயியின் வைக்கோல் போரைப் பார்த்துவிட்டு வந்தார். போரின் உச்சியிலிருந்து தரைவரைக்கும் ஒரே குழாய் போலத் துளை. வைக்கோல் எல்லாம் கீழ்நோக்கி முறிந்து மடங்கியிருந்தது. கொண்டுவந்து செருகியிருந்தால் அப்படி மடங்காது என்றார். அவர் தலைமுடியில் இன்னும் இரண்டு வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை கேஸ் சிலிண்டரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். "நீங்களும் வாங்க. நான் தனியாச் சொன்னா நம்பமாட்டாங்க" என்றார். வாழ்நாளில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததில்லை.

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எஸ்.ஐ. முழுக்கக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"முந்தாநேத்து ஒண்ணு சொன்னீங்க. நேத்து மலைக்குப் போயிட்டு வந்தீங்க. இன்னிக்குப் பேச்சு மாறுது. அங்க என்ன பாய் பேசுனீங்க? நீங்களும் கூட்டா?"

அதைக் கேட்டதும் பாயின் காது சிவந்தது. ஊரில் யார் பேச்சையும் நம்பாத மனிதர், தன் பேச்சை நம்பச் சொல்லிக் கைகட்டி நிற்கிறார். அவர் 'இல்லை' என்றபோது ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. இப்போது 'ஆமாம்' என்றதும் உள்ளூர் ஸ்டேஷனே சந்தேகப்படுகிறது. எனக்குக் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. மறுநிமிஷமே பாவமாகவும் இருந்தது.

"சந்தேகப்படுங்க சார்" என்றார் பாய். "படணும். அன்னிக்கு நான் சொன்னப்பவும் பட்டிருக்கணும்."

முற்றத்தில் கட்டரைப் பற்றவைத்து, முதல்நாள் செய்ததை அப்படியே செய்து காட்டினார். எஸ்.ஐ. முதலில் ஒரு போலீஸ்காரரைத் தொடச் சொன்னார். அவர் தொட்டுவிட்டு, "சில்லுன்னுதான் இருக்குது சார்" என்றார். பிறகு எஸ்.ஐ.யே தொட்டார். பாய் விடவில்லை. வானத்து இரும்பின் ஓரத்தில் ரம்பத்தால் ஒரு சின்னச் சீவல் அறுக்க அனுமதி கேட்டார். அறுக்க நெடுநேரம் பிடித்தது. ரம்ப அலகு ஒன்று உடைந்தது. வெட்டிய முகத்தைக் காட்டினார். ஓரத்தில் நகக்கனம் மட்டும் கறுப்பு. உள்ளே பளபளவென்று ஒரே வெள்ளை, ஒரு பொத்தல் கிடையாது.

"கான்டிராக்டர் ஆளுங்க சொல்ற மாதிரி ஒரு பையன் அடுப்பு வெச்சு உருக்கியிருந்தா உள்ள பூரா கசடும் பொத்தலுமா இருக்கும் சார். இதுல தோல் மட்டுந்தான் உருகியிருக்குது. நான் சொல்றத நம்ப வேண்டாம். காலேஜுக்கு அனுப்பிக் கேளுங்க. அதுவரைக்கும் அந்தப் பையன் மேல கை வெக்காதீங்க."

எஸ்.ஐ. குமாரைக் கோர்ட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவைத்தார். அதற்குள் மகனைப் பார்க்கச் செல்லாயியும் மலையிலிருந்து வந்துவிட்டிருந்தாள். எஸ்.ஐ. போன் செய்ததில் சேலத்திலிருந்து ஒரு காலேஜ் டீச்சரம்மா அன்று மத்தியானமே வந்து சேர்ந்தார். சீவலை ஆசிட்டில் நனைத்துத் துடைத்ததும், கோரைப்பாய் பின்னினாற்போல் கோடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக எழுந்து வந்தன. இந்தக் கோடு விழ, இரும்பு லட்சக்கணக்கான வருஷம் மெதுவாக ஆற வேண்டுமாம். பூமியில் ஒரு அடுப்பில் ஒருமுறை உருக்கினால் கோடெல்லாம் அழிந்துவிடுமாம். விண்வெளிக் குளிரில் கோடி வருஷம் கிடந்தது, மேலே சில நொடி மட்டும் எரிந்தது, கீழே வர வரக் கனத்த காற்று அதன் வேகத்தைப் பிடித்து நிறுத்திவிட்டது, கடைசித் தூரம் கல்லைப் போட்டதுபோலத்தான் விழுந்தது என்றார்.

"சின்னதா இருந்ததால பொழச்சுது. ஒரு வீடு அளவுக்கு இருந்திருந்தா காத்தால தடுத்திருக்க முடியாது. அதே வேகத்துல தரையில மோதி, அதுவும் ஆவியாகி, இந்தம்மா வயலும் ஏரி அளவுக்குப் பள்ளமாயிருக்கும்" என்று அவர் சொன்னபோது எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

குமாரை விட்டுவிட்டார்கள். கான்டிராக்டர் ஷெட்டில் காணாமல் போன இரும்பு என்னவாயிற்று என்று இன்றுவரை தெரியாது. எனக்கு அந்தச் சூப்பர்வைசர் மேல் ஒரு சந்தேகம் உண்டு. பாய் பக்கத்தில் இத்தனை நாள் இருந்ததில் எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

சாயங்கால பஸ்ஸுக்காகச் செல்லாயியும் குமாரும் எங்கள் கடைகளுக்கு முன்னால் நின்றார்கள். குமாருக்கு ஒரு கண் சரியாகத் திறக்கவில்லை. பாய் அவர்களுக்கு டீ சொன்னார். ஒரு பெரிய வேலையை முடித்த தெம்பு அவர் முகத்தில் இருந்தது. அதை அவரால் மறைக்க முடியவில்லை.

"நீங்க சில்லுன்னு இருந்துச்சுன்னு சொன்னீங்க பாருங்கம்மா, அதுலதான் எல்லாமே இருந்துச்சு. போய்ப் போரையும் பாத்தேன். பொய்யா இருந்தா வைக்கோல் அப்படி மடங்காது. அப்புறம் அறுத்துப் பாத்தேன், இரும்பும் அதையேதான் சொல்லுச்சு. டீச்சரம்மாவும் சொல்லிட்டாங்க."

செல்லாயி டீ கிளாஸைப் பெஞ்சின் மேல் வைத்தாள். குடிக்கவில்லை.

"வைக்கோல் சொன்னத நம்புனீங்க. இரும்பு சொன்னத நம்புனீங்க. டீச்சரம்மா சொன்னத நம்புனீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "மொத மொத வந்து சொன்னவ நானுங்க. நான் சொன்னத எந்த எடத்துல நம்புனீங்க பாய்?"

பாய் வாயைத் திறந்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. செல்லாயி மகனின் கையைப் பிடித்து, திறக்காத கண் பக்கம் படி தெரியாமல் தடுக்கிவிடாதபடி மெதுவாக ஏற்றிவிட்டு, தானும் ஏறிக்கொண்டாள்.

பஸ் முதல் வளைவில் திரும்பும்வரை பாய் ரோட்டிலேயே நின்றார். பிறகு என்னிடம், "அந்தம்மா கேட்டதுக்குப் பதில் இருக்குதுங்களா தங்கச்சி?" என்றார்.

"இல்லீங்க பாய்" என்றேன்.

ஏன் இல்லை, எப்படிச் சொல்கிறீர்கள் என்று எதிர்த்துக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனார்.